கஞ்சாவின் தங்கை

"நான்தான் குற்றவாளி" என்று ஒருவன் போலீஸிடம் அடம்பிடிக்க, "இல்லவே இல்லை" என்று அவனைப் பெற்றவர்களும், ஊர்க்காரர்களும், கடைசியில் அந்தப் போலீஸுமே சேர்ந்து மறுத்த சம்பவம் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கும். அந்த ஒருவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (இதில் பெருமைப்பட ஏதாவது இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், என் மனைவியிடம் காட்ட வேண்டும்.)

எல்லாம் வீடியோவால் வந்த வினை. ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. முழுதாகத் தெரிந்தவனாலும் ஆபத்தில்லை. நடுவில் ஒரு ரகம் இருக்கிறது: அந்த விஷயத்தைப் பற்றி நாற்பது வீடியோ பார்த்தவன். அவன் எதிரே வந்தால் ஒதுங்கிப் போய்விட வேண்டும். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பெங்களூரில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை 'விட்டுவிட்டு' ஊருக்கு வந்திருந்தேன். (வேலைதான் என்னை விட்டது. ஊரில் அதை மாற்றிச் சொல்லியிருந்தோம்.) குரும்பலூரை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். ஆறாம் வகுப்பிலிருந்தே விடுதியில் படித்தவன் என்பதால், அந்த நிலத்தை நான் பார்த்ததெல்லாம் மே மாத விடுமுறையில், அது வெடித்துக் கிடக்கும்போதுதான். ஆகவே விவசாயம் என்றால் வெடித்த மண் என்ற அளவில் என் அனுபவம் இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நாட்டின் விவசாயத்தையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இதில் கல்யாணம் எங்கே வந்தது என்றால், கல்யாணத்துக்காகத்தான் இதெல்லாமே வந்தது. எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி, "பையன் என்ன பண்றாரு?" விவசாயம் என்று சொன்னால் காபி வரும். பெண் வராது. அப்படி நாலு வீட்டில் காபி குடித்த பிறகு, ஐந்தாவதாக அரியலூரிலிருந்து சுகந்தியின் ஜாதகம் வந்தது. சுகந்தி வேதியியல் படித்துவிட்டு ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய அப்பாவும் அதே ஆலையில் ஃபோர்மேன். அவர் கட்டிய வீடு, மகளைப் படிக்கவைத்த படிப்பு, அன்று எங்களைப் பார்க்கக் கோயிலுக்கு ஓட்டி வந்த வண்டி, எல்லாமே சிமெண்ட் போட்ட சோறு.

கோயில் பிரகாரத்தில் சுகந்தியும் நானும் பத்து நிமிடம் பேசினோம். அதில் ஒன்பது நிமிடம் நான் பேசினேன். மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் அவள் சிரித்தாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. சும்மா சொல்லவில்லை, அன்று திரும்பி வரும்போது பஸ்ஸை மறித்துக்கொண்டு போன சுண்ணாம்புக்கல் லாரிகள்கூட எனக்கு அழகாகத் தெரிந்தன.

ஆனால் அதற்கு முன்பு அவளுடைய அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, விவசாயம்ன்னாங்க. சும்மா விவசாயந்தானா, இல்ல வேற எதாச்சும் இருக்குங்களா?"

"இண்டஸ்ட்ரியல் ஹெம்ப் மாமா," என்றேன்.

இப்படிச் சொல்லிவிட்டு நான் நிறுத்தியிருக்கலாம். அவரும் ஏதோ கம்பெனி என்று நினைத்துத் தலையாட்டியிருப்பார். நாற்பது வீடியோ பார்த்தவன் எங்கே நிறுத்துவான்? கஞ்சாவுக்கு ஒரு தங்கை உண்டு, அதன் பெயர் ஹெம்ப், அண்ணனுக்கு இருக்கிற போதை தங்கைக்கு இல்லை, என்று ஆரம்பித்தேன். தண்ணீர் கம்மியாகக் குடிக்கும். பூச்சி அண்டாது. காற்றைச் சுத்தம் செய்யும். செத்த மண்ணுக்கு உயிர் கொடுக்கும். அதன் நாரில் சட்டை, அதன் தண்டில் காகிதம், அதன் விதையில் எண்ணெய். பெரம்பலூரில் நார் ஆலை, குரும்பலூரில் எண்ணெய்ச் செக்கு, வேலை தேடித் திருப்பூர் போன பிள்ளைகளெல்லாம் வரிசையாகத் திரும்பி வருகிறார்கள். அவர்களை நான் கோயில் மண்டபத்திலிருந்தே வரவேற்றுக்கொண்டிருந்தேன். கடைசியாக, யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சுத்தமாக மறந்து, "முக்கியமா அந்தத் தண்டையும் சுண்ணாம்பையும் கலந்து செங்கல் செய்யறாங்க மாமா. அதுல வீடு கட்டிறலாம். இனிமே சிமெண்டுக்கு வேலையே இல்ல!" என்றேன்.

என் அம்மா என் தொடையில் கிள்ளினாள். முப்பது வருடம் சிமெண்ட் தூசியைச் சுவாசித்த அந்த மனிதர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"செடியில வீடு கட்டுனா ஆடு மேஞ்சிராதுங்களா தம்பி?"

சுகந்தி முதன்முதலில் சிரித்தது அப்போதுதான். நான் அதை எனக்கான பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவர் கடைசியில் சொன்னது இதுதான்: "சரிங்க தம்பி. பயிரு வரட்டும். ஒரு நாள் நேர்ல வந்து பாக்கறேன். அப்பறமா நிச்சயத்தப் பத்திப் பேசிக்கலாம்." அதாவது, என் கல்யாணம் ஒரு செடியின் கையில் இருந்தது. அந்தச் செடியை நான் நேரில் பார்த்ததே கிடையாது.

ஹெம்ப் விதைக்கு எங்கே போவது? இதற்கெல்லாம் உரிமம் வேண்டும், வடக்கே எங்கோ சில இடங்களில்தான் அனுமதி என்று வீடியோக்களின் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்வார்களாம். நான் எந்த வீடியோவையும் கடைசி ஐந்து நிமிடம் பார்த்ததில்லை. நேரே பெரம்பலூரில் ஒரு விதைக் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கிறார்களே என்று குரலைத் தாழ்த்தி, "ஹெம்ப் விதை கெடைக்குங்களா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "சன் ஹெம்ப்தானே? எத்தன ஏக்கருக்கு?" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புரட்சி எனக்கு முன்பே பெரம்பலூருக்கு வந்து அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது! அதுவும் 'சன்' ஹெம்ப். நம்ம ஊர் வெயிலுக்கென்றே உருவாக்கிய ரகம் போலிருக்கிறது என்று வியந்தேன். மூட்டையில் அரசாங்கச் சான்று அட்டையே தைத்திருந்தது. அப்புறம் என்ன உரிமம்? ஒரே ஒரு குறை, மூட்டையில் அந்த 'சன்' என்ற ஆங்கில வார்த்தையில் கடைசி எழுத்து இரண்டு முறை இருந்தது. இவர்களுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியவில்லையே என்று நான் கடைவாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். (இந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.)

வீட்டில் அப்பாவை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் என் கவலை. அவர் மூட்டைக்குள் கைவிட்டு விதையை அள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சணப்பா? நல்ல வெதையா இருக்கே. ரெண்டு ஏக்கருக்கும் போட்டுருடா. மண்ணு தெம்பாயிரும்."

அகராதியில் பார்த்தேன். ஹெம்ப் என்ற சொல்லுக்கு நேரே சணல், சணப்பு என்று போட்டிருந்தது. ஆக ஹெம்ப்தான் சணப்பு, சணப்புதான் ஹெம்ப். அதிகம் படிக்காத என் அப்பாவுக்கு அதன் தமிழ்ப் பெயர்கூடத் தெரிந்திருக்கிறது! இத்தனை நாள் இந்த மனிதரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேனே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் கலங்கியிருக்க வேண்டும். பெங்களூரிலிருந்து வந்து ஆறு மாதமாக ஃபோனைத் தடவிக்கொண்டிருந்த பிள்ளை முதல் முறையாக உருப்படியான ஒரு காரியம் செய்திருக்கிறான் என்று அவர் நினைத்தார். இருவரும் ஒரே மூட்டையைப் பார்த்து இரண்டு விதமாக நெகிழ்ந்து நின்றோம்.

ஆடிப்பெருக்கன்று விதைத்தோம். நாலாம் நாளே முளைத்தது. ஒரு மாதத்தில் இடுப்புக்கு வந்தது. நான் தினமும் படம் எடுத்துச் சுகந்திக்கு அனுப்பினேன். 'நமது எதிர்காலம் இன்று முழங்கால் உயரம்' என்ற ரீதியில் கூடவே குறிப்பும் எழுதுவேன். அவள் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்புவாள். வீடியோவில் பார்த்த ஹெம்ப் இலை விரித்த கை மாதிரி இருக்கும். என் செடியின் இலை ஒற்றையாக நீளமாக இருந்தது. வெயிலுக்கான ரகம் அல்லவா, விரலை மடக்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்து அவளுக்கு எழுதினேன். அதற்கு இரண்டு சிரிப்புப் பொம்மை வந்தது.

இதற்குள் ஊரில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "இது கஞ்சாவோட தங்கச்சி, ஆனா போதை கெடையாது" என்று விளக்கத் தொடங்கியிருந்தேன். இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னால் ஊர் எந்த வார்த்தையை எடுத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் காட்டு ராமசாமி அண்ணன் ஒரு நாள் வரப்பில் வந்து நின்றார். மீசை நரைத்த, மரியாதையான மனிதர்.

"தம்பி, இது சணப்பு மாதிரியில்ல இருக்கு?"

"சணப்பேதாண்ணே. கஞ்சா குடும்பம்."

"அப்படியா!" என்று அவர் மூக்கில் விரல் வைத்தார். "அம்பது வருசமா இதத்தான மிதிச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். தெரியாமப் போச்சே." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாலு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார். பிறகு ஏமாற்றத்தோடு கண்ணைத் திறந்தார். "ஒண்ணும் ஏறலியே தம்பி?"

"அதாண்ணே இதோட சிறப்பே!" என்றேன்.

செடி மஞ்சள் மஞ்சளாகப் பூக்க ஆரம்பித்தபோது அப்பாவுக்கும் எனக்கும் முதல் சண்டை வந்தது. அவர் டிராக்டருக்குச் சொல்லிவிட்டார்.

"பூ எடுத்துருச்சுடா. மண்ணோட மடக்கி உழுதுரணும்."

"உழுவுறதா? என்னப்பா சொல்றீங்க? இன்னும் ரெண்டு மாசம் வளரணும்!"

"வளந்தா முத்திரும்டா. முத்துனா நாராயிரும்."

"நாருக்குத்தாம்ப்பா இவ்வளவும்!"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாற்பது வருட விவசாயத்தில் சணப்பை நாருக்காக வளர்க்கிறேன் என்று சொன்ன ஆளை அவர் சந்தித்ததில்லை போலும். "கயிறு திரிக்கப் போறியா?" என்று கேட்டார். "வூடு கட்டப்போறேன்" என்றேன். அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கடைசியில் ஒரு வாரம் தவணை கொடுத்தார். செடி மக்கி ஐப்பசி வெங்காயத்துக்கு நிலம் தயாராக வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்றார்.

அந்த ஒரு வாரத்துக்குள் சுகந்தியின் அப்பா பயிரைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் மட்டும் போதுமா? அசந்துபோக வேண்டும். ஆகவே 'களப் பார்வை நாள்' நடத்துவது என்று திட்டமிட்டேன். பந்தல், ஐம்பது நாற்காலி, ஒலிபெருக்கி, டீ, போண்டா. வட்டார வேளாண் அதிகாரி அம்மாவுக்கும் அழைப்பு கொடுத்தேன். அழைப்பில் 'புதிய பயிர்' என்று மட்டும் இருந்ததால் அவர் வரச் சம்மதித்தார். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் காட்டுக்குத் திரும்பும் இடத்தில் கட்ட ஒரு ஃபிளெக்ஸும் அடிக்கக் கொடுத்தேன்.

ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம், "சணல்னு போட்டா சாக்குப் பைன்னு நெனச்சிருவாங்க, தெளிவா இருக்கணும்" என்று நான்தான் வாசகத்தை எழுதிக் கொடுத்தேன்: 'போதை தராத கஞ்சாச் செடி சாகுபடி. மாவட்டத்திலேயே முதன்முறை. அனைவரும் வருக!' பின்னணிக்கு எங்கள் வயலின் மஞ்சள் பூப் படத்தையும் நானே கொடுத்தேன். அவர் கலை உணர்வு உள்ளவர். 'போதை தராத' என்ற முதல் இரண்டு சொற்களைத் தனி வரியில், பூவுக்குப் பொருத்தமாக மஞ்சள் எழுத்தில் போட்டுவிட்டார். அடுத்த வரி சிவப்பில். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அந்த இரண்டு சொற்களும் பூவோடு பூவாகப் போய்விட்டன. மிச்சம் இருந்தது, கூப்பிய கைகளோடு என் படமும், 'கஞ்சாச் செடி சாகுபடி, அனைவரும் வருக!' என்ற அழைப்பும்.

ஆவணி கடைசி வெள்ளி காலை பத்து மணிக்குக் கூட்டம். ஐம்பது நாற்காலி போட்ட இடத்தில் இருநூறு பேர் நின்றார்கள். பசுமைத் தொழிலில் நம் மக்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப்போனேன். அரியலூரிலிருந்து சுகந்தியின் அப்பா வெள்ளை வேட்டியில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். வரும் வழியில் ஃபிளெக்ஸைப் பார்த்திருப்பார் போல, முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. நான் மைக்கைப் பிடித்தேன். கார்பன், மண்வளம், கிராமப் பொருளாதாரம் என்று சூடு பிடித்து, பெரம்பலூர், அரியலூர் என்று இரண்டு மாவட்டமும் எப்படித் தலைநிமிரப் போகிறது என்கிற இடத்துக்கு வந்தபோது, ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். கூட்டம் தானாக வழிவிட்டது.

"யாருய்யா இங்க கஞ்சா போட்டிருக்கறது?"

"நான்தான் சார்!" என்றேன். மைக் கையில் இருந்தது. நான் சொன்னது குரும்பலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் திகைத்துவிட்டார். அவருடைய சர்வீஸில் இவ்வளவு சுலபமாக ஒரு வாக்குமூலம் கிடைத்திருக்காது. பிறகு வயலைத் திரும்பிப் பார்த்தார். வரப்பில் இறங்கி ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். அவரும் எங்கோ ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைதான் போலும்.

"என்னய்யா இது, சணப்பு மாதிரி இருக்கு?"

"சணப்புதாங்க சார்!" என்று அப்பா ஓடிவந்தார். "வெங்காயத்துக்கு மடக்கி உழுவப் போட்டதுங்க. அவன் பேச்சக் கேக்காதீங்க."

"சணப்புதாங்க," என்றது கூட்டம் ஒரே குரலில். ராமசாமி அண்ணன் முன்னால் வந்து, "நான் தின்னே பாத்துட்டேங்க, சுத்தமா ஒண்ணும் ஏறல," என்று சாட்சி சொன்னார்.

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், கும்பிடு போட்டுவிட்டு போண்டா கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் முதல் வரிசையில் சுகந்தியின் அப்பா உட்கார்ந்திருக்கிறார். இது வெறும் சணப்பு என்றால் நான் யார்? மறுபடியும் வெறும் விவசாயி. காபி மட்டும் வரும்.

"இல்ல சார்," என்றேன் மைக்கிலேயே. "இவங்களுக்குத் தெரியாது. சணப்புன்னாலே ஹெம்ப். ஹெம்ப்னா கஞ்சா குடும்பம். இது கஞ்சா குடும்பந்தான் சார்!"

"டேய், சணப்புடா!" என்றார் அப்பா.

"கஞ்சாப்பா!" என்றேன் நான்.

"ஐயா," என்று அம்மா இன்ஸ்பெக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுடைய அழுகையை மைக் நன்றாகவே பிடித்தது. "அவன உட்ருங்கய்யா. எம் புள்ள படிச்ச புள்ள. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது!"

இருநூறு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து வேளாண் அதிகாரி அம்மா ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, வேரில் இருந்த சின்னச் சின்ன முடிச்சுகளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"தம்பி, பேருல ஹெம்ப்னு இருக்கு, அவ்ளோதான். நீங்க சொல்ற செடி வேற. அது இங்க யாரும் போடவும் கூடாது. இது பசுந்தாள் உரம். கிலுகிலுப்பைச் செடி பாத்திருக்கீங்களா? அதுக்குச் சொந்தம். அவரை, துவரை எல்லாம் ஒரே வம்சம். இந்த முடிச்சுதான் மண்ணுக்குத் தழைச்சத்து குடுக்கும், உழுது விட்ருங்க."

கஞ்சாவின் தங்கை என்று ஒன்றரை மாதமாக நான் ஊர் முழுக்க அறிமுகம் செய்துவைத்தது துவரம்பருப்பின் ஒன்றுவிட்ட தங்கையை. உலகமே எதிர்த்து நின்றாலும் உண்மையைச் சொன்னேன் என்ற திருப்தியாவது மிஞ்சும் என்று பார்த்தால், நான் சொன்னது உண்மையும் இல்லை. கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தால்கூட இதைவிட கௌரவமாக இருந்திருக்கும் என்று நிஜமாகவே தோன்றியது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். ஆனால் ஃபிளெக்ஸின் படம் ஃபோன் ஃபோனாகப் பறந்து மேலிடம் வரை போய்விட்டதால், எழுத்தில் ஒன்று வேண்டும் என்றார். பந்தல் மேஜையிலேயே உட்காரவைத்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'எனது நிலத்தில் பயிரிட்டிருப்பது சணப்பு என்பதும், அது கஞ்சா அல்ல என்பதும், இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்று காலை வரை எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. இதை எவருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதிக் கொடுக்கிறேன்.'

சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும் என்றார். அப்பா போட்டார். பக்கத்தில் உறவுமுறை எழுதும் இடத்தில் 'தந்தை' என்று எழுதினார், கொஞ்சம் வருத்தத்தோடு. இரண்டாவது சாட்சிக்கு யாரும் முன்வரவில்லை. சுகந்தியின் அப்பாதான் எழுந்து வந்து பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, உறவுமுறை என்ற இடத்துக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

என் வாழ்க்கை அந்தப் பேனா முனையில் நின்றது. மாமனார் என்று எழுதுவாரா? வருங்கால மாமனார் என்று எழுதினால்கூடப் போதும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். குனிந்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'தெரிந்தவர்.'

ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று மத்தியானமே டிராக்டர் வந்தது. என் புரட்சி அரை மணி நேரத்தில் மண்ணுக்குள் போயிற்று. மாலையில் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது சுகந்தி ஃபோன் செய்தாள். முடிந்தது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, நானே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். விவசாயி என்று மட்டும் சொன்னால் உங்க வூட்டுல ஒத்துக்க மாட்டாங்களே என்று பயந்துதான் இவ்வளவும் செய்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அத்தனை நாளில் நான் சொன்ன ஒரே சரியான தகவல் அதுதான்.

"எனக்கு மொத போட்டோலயே தெரியுங்க," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது சணப்புன்னு. எங்க அம்மா ஊரு விக்கிரமங்கலம். அங்க நெல்லுக்கு முன்னாடி வருசா வருசம் போடுவாங்க. சின்னப் புள்ளையில அந்தப் பூவப் பறிச்சு வெளையாடியிருக்கேன்."

"அப்பறம் ஏங்க சொல்லல?"

"நீங்க ரொம்ப சந்தோசமா இருந்தீங்க," என்றாள். "அதுவுமில்லாம, வெரல மடக்கிக்கிட்டிருக்குன்னு எழுதுனீங்க பாருங்க, அத லேப்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தப் பெண்ணை எப்படியாவது கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது. "உங்க அப்பா 'தெரிந்தவர்'னு எழுதிட்டுப் போயிட்டாருங்க," என்றேன்.

"எங்கிட்ட வந்து வேற மாதிரி சொன்னாரு. ஜெயிலுக்குப் போவணும்னாலும் தனக்குத் தெரிஞ்சத மாத்திச் சொல்ல மாட்டேங்கறான், இவன் பொய் சொல்ல மாட்டான்மா. பொழைக்கவும் மாட்டான், ஆனா அதுக்கு உன் சம்பளம் இருக்குன்னாரு."

தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. அதற்குள் சணப்பு மக்கிய நிலத்தில் வெங்காயம் இதுவரை இல்லாத அளவுக்குத் திரண்டு வந்திருந்தது. மண்ணுக்கு உயிர் கொடுப்பேன், ஊரை வாழவைப்பேன் என்று மைக்கில் கத்தியதில் ஒரு பாதியை, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் நான் செய்துவிட்டேன். அப்பா இன்றுவரை வருடா வருடம் சணப்பு போடுகிறார். நிஜமான ஹெம்ப் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல செடிதான் என்று இப்போதும் சொல்கிறார்கள். உரிமம் இருக்கிற ஊரில், இலையை அடையாளம் தெரிந்தவர்கள் வளர்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் யாராவது என்னைக் காட்டி "இவரு யாருங்க?" என்று கேட்டால், என் மாமனார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நமக்குத் தெரிஞ்சவரு" என்பார். சுகந்தியும் அப்பாவைக் கொண்டே பிறந்தவள். அவளைப் பிரசவத்துக்கு அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வலியில் என் கையை முறித்துவிடுவது போலப் பிடித்திருந்தாள். நர்ஸ் அம்மா படிவத்தை நிரப்பிக்கொண்டே, "கூட வந்திருக்கறவரு உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

அந்த வலியிலும் சுகந்தி ஒரு நொடி யோசித்தாள்.

"தெரிஞ்சவருங்க."

நர்ஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சவருக்கெல்லாம் இங்க என்ன வேல? வெளிய போய் நில்லுங்க" என்றார். நான் பதறிப்போய், வாசலில் நின்றிருந்த மாமனாரை அழைத்து வந்து, "மாமா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்தார், நர்ஸ் அம்மாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கும் தெரிஞ்சவர்தாம்மா."

என் மகள் பிறந்தபோது நான் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருந்தேன்.